எங்கள் வீட்டில் விக்கிரகமே இல்லையே, பிறகு எதை விட்டுத் திரும்புவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இருபத்தெட்டு வயதுத் தம்பி. நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். உபவாசக் கூடுகையில் பிரசங்கியார் 1 தெசலோனிக்கேயர் 1:9-ஐ எடுத்துக்கொண்டு, "விக்கிரகங்களை விட்டுத் திரும்புங்கள்" என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். "எங்கள் வீட்டில் சிலை கிடையாது, ராகுகாலம் பார்ப்பது கிடையாது. நான் எதை விட்டுத் திரும்புவது, ஐயா?" என்று கேட்கிறார். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். பெண் 'நம்ம ஆட்களாக' இருக்க வேண்டும், இத்தனை பவுனுக்குக் குறையக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். இது மட்டும் என்னவாம் என்று இவர் கேட்டதற்கு, "மெய்யான தேவனைத் தொழுகிற வீட்டில் விக்கிரகப் பேச்சு எதற்கு?" என்று அப்பா வாயை அடைத்துவிட்டாராம். அவரிடம் என்ன சொல்வது என்றும் கேட்கிறார்.

தம்பி, இரண்டு விஷயம் எழுதியதாக நினைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் சுற்றிப் போய் அங்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விக்கிரகம் என்றதும் நமக்குக் கண்முன் வருவது பக்கத்து வீட்டுப் பூஜை அறை. அங்கேதான் தவறு தொடங்குகிறது. வேதாகமத்தை ஒரு வருடம் ஆதியோடந்தமாக வாசித்துப் பாருங்கள். விக்கிரகத்தைப் பற்றிய கோபத்தில் பெரும்பங்கு அடுத்தவன் வீட்டுக்குப் போகவில்லை, சொந்த ஜனத்தின்மேல்தான் விழுகிறது. யாக்கோபின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்தேலில் தேவனைக் கண்ட மனுஷன், யாப்போக்கு ஆற்றங்கரையில் இராமுழுதும் போராடி ஆசீர்வாதம் வாங்கிய மனுஷன். அவன் கூடாரத்துக்குள்ளேயே ராகேல் தன் தகப்பனின் சொரூபங்களை ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வருடங்கள் கழித்து ஆதியாகமம் 35-இல்தான் யாக்கோபு வாய் திறக்கிறான்: "உங்களிடத்தில் இருக்கிற அந்நிய தெய்வங்களை விலக்கிப்போடுங்கள்." வீட்டார் அந்தத் தெய்வங்களையும், கூடவே தங்கள் காதணிகளையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் எல்லாவற்றையும் சீகேம் அருகே ஒரு கர்வாலி மரத்தடியில் புதைத்துவிடுகிறான்.

காதணி என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதை ஒரு விளையாட்டாகவே வைப்பது வழக்கம்: வேதத்தில் காதணி எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

அடுத்து அது யாத்திராகமம் 32-இல் வருகிறது. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமாகிறது, ஜனம் பொறுமை இழக்கிறது. மனைவிகள், குமாரர், குமாரத்திகள் காதில் இருப்பதைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்கிறான் ஆரோன். கன்றுக்குட்டி உருவாகிறது. இங்கே பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. ஆரோன் அதற்கு முன்னால் பலிபீடம் கட்டிவிட்டு, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்று கூறுகிறான். எகிப்தின் தேவனுக்கென்றோ கானானின் தேவனுக்கென்றோ சொல்லவில்லை, கர்த்தருக்கு என்கிறான். அட்டவணையில் பார்த்தால் அது ஆராதனைதான். பலி உண்டு, விருந்து உண்டு, பாட்டும் ஆட்டமும் உண்டு. மோசே வந்து கேட்டதும் ஆரோன் சொல்கிற பதிலை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறான். தானாக வந்ததாம்! நம் வீட்டு விக்கிரகங்களும் அப்படித்தான். யாரும் செய்ததாக ஒப்புக்கொள்வதில்லை. "ஊர் வழக்கம், ஐயா" என்போம், "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்போம்.

அப்புறம் மூன்றே அதிகாரம் தள்ளி, யாத்திராகமம் 35. ஆசரிப்புக் கூடாரம் கட்டப் பொருள் வேண்டும். மனமுள்ளவர்கள் கொண்டுவரலாம் என்கிறான் மோசே. ஆண்களும் பெண்களுமாக வருகிறார்கள். கையில் என்ன? கடகங்கள், காதணிகள், மோதிரங்கள், ஆரங்கள். அதே ஜனம், அதே வனாந்தரம். கன்றுக்குட்டியான பொன்னை மோசே பொடியாக்கித் தண்ணீரில் தூவிக் குடிக்க வைத்துவிட்டான். மீதியிருந்த பொன் இப்போது கர்த்தருடைய வாசஸ்தலத்துக்கு வருகிறது. 38-ஆம் அதிகாரத்தில் கணக்கு இருக்கிறது: 29 தாலந்து, 730 சேக்கல். இன்றைய எடையில் ஏறத்தாழ 1 டன், நம் நகைக்கடைக் கணக்கில் ஒரு லட்சம் பவுனுக்கு மேல். போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயம் எங்கும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்ததாம். காணிக்கையைப் போதும் என்று நிறுத்திய சபை அதற்குப்பின் எத்தனை இருந்திருக்கும் என்று தெரியவில்லை, அது வேறு பேச்சு.

எனக்கு விக்கிரகாராதனையும் மெய்யான தொழுகையும் இந்த இரண்டு அதிகாரங்களுக்கு இடையில்தான் விளங்கின. பொன் ஒன்றே. முதல் தடவை, தாமதிக்கிற தேவனுக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரிகிற, இழுத்த இழுப்புக்கு வருகிற ஒன்றை வாங்கக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை, தங்களோடு குடியிருக்க வருகிறவருக்கு இடம் பண்ணக் கொடுத்தார்கள்.

இந்தப் பாதை திரும்பவும் கெடலாம். நியாயாதிபதிகள் 8-இல் கிதியோன் மீதியானியரை முறியடித்துவிட்டு வருகிறான். நீரே எங்களை ஆளும் என்கிறார்கள். நான் உங்களை ஆளமாட்டேன், கர்த்தரே உங்களை ஆளுவார் என்கிறான். அவ்வளவு சுத்தமான பதில். அடுத்த வசனத்திலேயே, ஒரே ஒரு விண்ணப்பம், கொள்ளையில் கிடைத்த காதணிகளை எனக்குக் கொடுங்கள் என்கிறான்! 1,700 சேக்கல் பொன், இரண்டாயிரம் பவுனுக்கு மேல். அதில் ஒரு ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைக்கிறான். ஏபோத்து ஆசாரியனின் உடை, தேவசித்தம் கேட்கப் பயன்பட்ட பரிசுத்தமான பொருள். ஆனாலும் இஸ்ரவேல் முழுவதும் அதன் பின்னால் சோரம் போனது, அவன் வீட்டுக்கே அது கண்ணியாயிற்று என்று எழுதியிருக்கிறது. இதே ஒப்ராவில்தான் வாலிபனாக இருந்தபோது அவன் கானானியர் தெய்வமான பாகாலின் பலிபீடத்தை இடித்தான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன், அது உங்களுக்கு வேண்டிய கதை.

சரி, பிரசங்கியார் எடுத்த வசனத்துக்கு வருவோம். நம் தமிழ் வேதாகமத்தில் "நீங்கள் விக்கிரகங்களைவிட்டு தேவனிடத்திற்கு மனந்திரும்பினதையும்" என்று இருக்கிறது. விடுவது முதலில், திரும்புவது பிறகு. கிரேக்க மூலத்தில் வரிசை வேறு: தேவனிடத்திற்குத் திரும்பினீர்கள், விக்கிரகங்களிடமிருந்து. முகம் முதலில் அவர் பக்கம் திரும்புகிறது, அதனால் முதுகு தானாக அந்தப் பக்கம் போகிறது. தமிழ் வாக்கிய அமைப்புக்கு நம் மொழிபெயர்ப்பு சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் அதைப் பிரசங்கிக்கும்போது முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். விடு, எடுத்துப்போடு, எரி என்கிறோம். வீடு காலியாகிறது, சுவரில் ஆணி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு வருடத்தில் அதே ஆணியில் வேறு ஏதோ தொங்குகிறது.

தெசலோனிக்கேயாவில் அது சும்மா நடந்த காரியமும் இல்லை. ரோமப் பெருஞ்சாலையில் இருந்த துறைமுக நகரம். வானம் தெளிந்த நாளில் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பு மலை தெரியும், கிரேக்கத் தேவர்கள் குடியிருப்பதாகச் சொல்லப்பட்ட அதே மலை. தொழிற்சங்க விருந்து, ஊர்த் திருவிழா, இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை என எல்லாவற்றிலும் பலி கலந்திருந்தது. விலகினால் கடவுளை மட்டும் மாற்றியதாக ஆகாது, கூட்டாளிகளும் வியாபாரமும் போய்விடும். இருநூறு வருடம் கழித்து இராயன் டெசியஸ் காலத்தில் அது பட்டவர்த்தனமாகவே கேட்கப்பட்டது. தேவர்களுக்குப் பலியிட்டேன், பானபலி ஊற்றினேன், பலியில் ருசி பார்த்தேன் என்று அதிகாரிகள் முன்னால் செய்துகாட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 250-ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட பாப்பிரஸ் துண்டுகள் எகிப்தில் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பலியிட மனமில்லாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று சபையில் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான். உள்ளுக்குள் கர்த்தர், வெளியில் ஒரு காகிதம், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நாமும் அந்தக் கணக்கைப் போடாதவர்களா?

எபேசுவையும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் 19-இல் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள், விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்தால், ஒரு ஆள் நாள் தவறாமல் 130 வருடத்துக்கு மேல் வேலை செய்து சம்பாதிக்கிற பணம். அதைக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? அதற்கு முந்தின வசனம் "விசுவாசித்தவர்களில் அநேகர்" என்கிறது. அதாவது ஏற்கெனவே விசுவாசிகள். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அப்பம் பிட்டு வீட்டுக்குப் போனால் பெட்டியில் அந்தப் புத்தகங்களும் இருந்தன. 'விற்று ஏழைகளுக்குக் கொடுக்கலாமே' என்று யாரும் யோசனை சொல்லவும் இல்லை.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. அர்த்தமி கோவிலுக்கு வெள்ளிச் சிறுகோவில்கள் செய்து விற்ற தெமேத்திரியு, பிழைப்பு போகிறது என்று கலகம் கிளப்புகிறான். கூட்டத்தை அமர்த்துகிற நகரத்து அதிகாரி, இந்த மனுஷர் கோவில் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சாட்சி சொல்கிறான். தங்கள் பெட்டியைக் காலி பண்ணினார்கள், ஊர்க்கோவிலில் கை வைக்கவில்லை. அடுத்தவர் வழிபாட்டைக் கேலி பண்ணுவதை வைராக்கியம் என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொன்னால் நான் ஆரோன்தான்.

பத்தொன்பது வருடம் ஒரு சபையில் பாடகர் குழுவை நடத்தினேன். பாமாலையும் கீர்த்தனையும் மனப்பாடம். சோல்பா இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த பையன்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், நான்கு குரலையும் தனித்தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் நிற்க வைப்பேன். பாடி முடித்ததும் ஆலயத்தில் விழுகிற அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகவே நவம்பர் முழுவதும் தூக்கமில்லாமல் உழைப்பேன். ஆண்டவருக்குச் செய்கிறேன் என்றுதான் நம்பினேன். பொய்யாகவும் நம்பவில்லை.

ஒரு ஈஸ்டருக்குப் பிறகு குழுவை ஓர் இளைஞனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். சொன்ன விதம் சரியில்லைதான். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம், அறிவிப்பில் வாசித்துவிட்டார்கள். ஆனால் அதன்பின் எனக்குள் நடந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. அடுத்த ஞாயிறு முதல் நான் நடுவரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்தேன். கையில் பாமாலைப் புத்தகம், அதன் பின்னட்டையில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். புதுப் பையன் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கோடு. சுருதி இறங்கினால் ஒன்று, ஆல்டோ குரல் தாமதித்தால் ஒன்று. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோடு அதிகமாக இருந்தால் மனம் லேசாக இருக்கும். ஆறு மாதம் இப்படி. ஒரு நாள் என் மனைவி அந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்து, "இது என்ன, பால் கணக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று இரவு ஆமோஸ் 5-ஐ எடுத்து வாசித்தேன். தற்செயல் இல்லை, எந்த வசனம் என்னைத் தேடி வரும் என்று எனக்கே தெரிந்திருந்தது. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." அதுவரை அது வேறு யாருக்கோ சொன்னதாக இருந்தது. என் பாட்டுக்கு நான் ஒரு பலிபீடம் கட்டி, நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்று பத்தொன்பது வருடமாகக் கூறிக்கொண்டிருந்தேன். பாட்டு கெட்டதா? இல்லை, அது நல்ல பொன். காதில் போட்டிருந்தவரை அழகாகவே இருந்தது.

விக்கிரகத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்: அதை யாராவது தொட்டால் உங்களுக்கு என்ன ஆகிறது? வருத்தம் இயல்பு. வருத்தத்துக்குக் கீழே ஆண்டவர்மேலேயே கோபம் கிளம்புகிறதா, அதைக் காப்பாற்றப் பொய் சொல்ல, இன்னொருவரை மிதிக்கத் தயாராகிறீர்களா என்று பாருங்கள். எசேக்கியேல் 14-இல் மூப்பர்கள் தீர்க்கதரிசிக்கு முன்பாகப் பயபக்தியோடு வந்து உட்காருகிறார்கள். இவர்கள் தங்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வேதபாட வகுப்பு மாதிரிதான் இருந்திருக்கும்.

கண்டுபிடித்த பிறகு உடைப்பதா, திருப்பிவிடுவதா? எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்தது, பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருடம் கழித்து ஜனம் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தது. எசேக்கியா ராஜா அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பெயரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்கிற மாதிரி. தைரியம் வேண்டும் அதற்கு. மோசேயின் கை பட்டது, அற்புதம் நடந்தது, அருங்காட்சியகத்திலாவது வைக்கலாமே என்று எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்! உங்களை ஒரு காலத்தில் பிழைக்க வைத்த ஒன்று, அதன் வேலை முடிந்த பிறகும் தூபம் கேட்டால் உடைத்துத்தான் ஆக வேண்டும். சிலருக்கு அது ஒரு ஊழியக்காரர், சிலருக்கு ஜெப எண்ணெய்ப் புட்டி, புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை. அட்டையில் இருக்கிற வசனத்தை வாசிக்கிறவர் வேறு, அட்டையைப் பர்ஸில் தாயத்தாக வைத்திருக்கிறவர் வேறு.

பணம், பாட்டு, படிப்பு, பிள்ளைகள், இவற்றை உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. திசை திருப்பலாம். சகேயு பணத்தைக் கடலில் எறியவில்லை. பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய் என்று பங்கு பிரித்தான். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோல்பா சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு ஒன்பது வயசு. ஒருவனுக்கும் சுருதி நிற்காது. அந்த அமைதி எந்தக் காலத்திலும் விழப்போவதில்லை, பாட்டு முடிவதற்குள் யாராவது பெஞ்சிலிருந்து விழுகிறான். ஆனால் பென்சில் என் கையில் இல்லை.

இப்போது உங்கள் வீடு. பவுன் என்பதைப் பவுலே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கொலோசெயர் 3:5, "விக்கிரகாராதனையான பொருளாசை". இதில் வியாக்கியானம் தேவையில்லை. ஆலயத்தில் திருமண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் முன்பே பவுன் பேசி முடித்திருப்பார்கள். ஜெபித்துச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் வேறு இடத்தில் எவ்வளவு போடுவார்கள் என்று விசாரிக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெபம் அங்கே தவணை வாங்குகிற வேலையைச் செய்கிறது.

'நம்ம ஆட்கள்' என்பது இன்னும் ஆழம். ஒன்றைத் தேவனுக்கு மேலாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க, அதற்காக ஆலயத்துக்குள் எதைக் கட்டினோம் என்று பார்த்தால் போதும். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனி நீள் கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு சாதி இந்தக் கூடத்தில், மற்றவர்கள் அந்தக் கூடத்தில். நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நம் புரட்டஸ்டண்ட் ஆட்கள் சிரிக்க வேண்டாம். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், அதை விட்டாலும் விடுவோம், இதை விட மாட்டோம் என்றார்கள். இன்று சுவர் ஆலயத்தில் இல்லை, மணமகள் தேவை விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயராக நிற்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் வழக்கமாக வருகிற இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயல்வீட்டார் கொடுக்கும் பண்டம் சாப்பிடலாமா? 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசியுங்கள். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிடு, கோவில் பந்தியில் உட்காராதே என்கிறார் பவுல். மறுப்பதானாலும் முகம் சுளிக்காமல் மறுங்கள். கத்தோலிக்க உறவினர் வீட்டுச் சுரூபம்? தேவனுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு, சுரூபங்களுக்குக் காட்டும் வணக்கம் வேறு என்று 787-இல் நிசேயா சங்கம் பிரித்துச் சொன்னது. அந்தக் கோட்டை ஏற்காத சபையில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அவர்கள் வீட்டில் அதைத் தேடுவதற்கு முன் என் பாமாலையின் பின்னட்டையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மெய்யான தொழுகை எது என்பதில், யோவான் 4-இல் இயேசுவோடு பேசுகிற சமாரியப் பெண்ணுக்கும் நம்மைப் போலவே இடத்தைப் பற்றிய சந்தேகம்தான்: இந்த மலையா, எருசலேமா? அந்த மலைமேல் இருந்த சமாரியர் கோவில் இடிந்து அப்போதே நூறு வருடத்துக்கு மேல். இடிந்த கோவிலின் பெயரில் சண்டை தொடர்ந்தது. "ஆவியோடும் உண்மையோடும்" என்கிறார் இயேசு. உண்மையோடு என்ற சொல்லை அவர் எங்கே வைத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். சற்றுமுன்தான் அவள் வீட்டு விஷயம், ஐந்து புருஷர் கதை, வெளியே வந்திருக்கிறது. அவள் பேச்சை மலைக்குத் திருப்பப் பார்க்கிறாள், அவர் தொழுகையை அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறார். பவுலும் ரோமர் 12-இல் சரீரத்தையே ஜீவபலியாகக் கொடுப்பதைத்தான் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். கல்யாணம் பேசுகிற வாய், பேரம் முடிக்கிற கை, எல்லாம் அந்தச் சரீரத்தில் அடக்கம். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரத்தை மட்டும் ஆராதனை என்று அழைப்பதால்தான், மீதி நாளில் பெண் வீட்டாரிடம் பேசியது வேறு கணக்கில் போய்விடுகிறது.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் வாயை அடைக்க ஒரு வசனம் வேண்டும் என்றால் என்னிடம் இல்லை. கிதியோன் கதைதான் இருக்கிறது, நியாயாதிபதிகள் 6. மீதியானியரோடு போருக்குப் போகுமுன் அவன் செய்ய வேண்டியிருந்தது வீட்டு வேலை. உன் தகப்பனுடைய பாகாலின் பலிபீடத்தைத் தகர்த்து, அதன் அருகிலிருக்கிற விக்கிரகத் தோப்பை வெட்டு, உன் தகப்பனுடைய இரண்டாம் காளையைக் கொண்டுவந்து, அந்தத் தோப்பின் மரத்தையே விறகாக வைத்துச் சர்வாங்க தகனபலி செலுத்து. வீட்டு விக்கிரகமே கர்த்தருடைய பலிபீடத்துக்கு விறகு. அவன் பத்து வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறான். தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யாமல் இரவில் செய்தான் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. பயந்துகொண்டு செய்ததைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. அதனால் நீங்களும் பெரிய பேச்சு ஒன்றும் பேச வேண்டாம். சத்தம் போடாமல், உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றை, "எனக்கு ஒரு பவுனும் வேண்டாம், பெண் வீட்டிலும் அதை நானே சொல்லிவிடுகிறேன்" என்பதை, அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

காலையில் ஊர் திரண்டு கிதியோன் வீட்டு வாசலுக்கு வந்தது. உன் மகனை வெளியே கொண்டுவா, அவன் சாக வேண்டும் என்றார்கள். வாசலில் வந்து நின்றவன் யோவாஸ், இடிக்கப்பட்ட பலிபீடத்துக்குச் சொந்தக்காரன், காளையையும் பறிகொடுத்தவன். அவன் ஊராரைப் பார்த்து, "நீங்களா பாகாலுக்காக வழக்காடுவீர்கள்?" என்று கேட்டான்.